சுப்பிரமணிய சிவாவின் உயிரை எடுத்தது எது? தொழுநோய் என்ற ஒரு வார்த்தை போதுமா?

பாப்பாரப்பட்டி ரோடு:

ஜூலை 23 வந்தால் எங்கள் பக்கம் பாப்பாரப்பட்டி நினைவிடத்தில் மாலை போட்டு நாலு பேர் பேசுவார்கள். சிறையில் தொழுநோய் தொற்றியது, அதிலேயே இறந்தார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்தவர் மைக்கை வாங்கிக்கொள்வார். எனக்கு அந்த ஒரு வரி போதவே இல்லை. தொழுநோயோடு முப்பது நாற்பது வருடம் வாழ்ந்தவர்களை நம் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்படியிருக்க இந்த மனிதர் மட்டும் நாற்பத்தொரு வயது முடியும் முன்னே ஏன் போனார்?

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 1884 அக்டோபர் 4-ல் வத்தலக்குண்டில் பிறந்தார். 1908 மார்ச்சில் வ.உ.சி.யோடு கைது, அந்த ஜூலையில் பத்து வருடத் தீவாந்தர தண்டனை, மேல்முறையீட்டில் அது ஆறு வருடமாகக் குறைந்தது. 1912 கடைசியில் வெளியே வந்தபோது உடம்பில் நோய் இருந்தது. அப்புறம் 1913-ல் 'ஞானபாநு' பத்திரிகை, ஊர் ஊராகக் கூட்டங்கள், 1921-ல் மறுபடி சிறை, பாப்பாரப்பட்டியில் ஆசிரமம், 1923-ல் சித்தரஞ்சன் தாஸை அழைத்துப் பாரத மாதா கோயிலுக்கு அடிக்கல். 1925 ஜூலை 23-ல் மரணம். நோயோடு வெளியே வந்த பிறகு இவ்வளவு வேலை செய்ய அவருக்குக் கிடைத்தது பன்னிரண்டு பதிமூன்று வருடங்கள்தான்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருமி அவரை நோயாளி ஆக்கியது, ஆனால் உயிரை எடுத்தது நடை. நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்ததே, அதுதான். மருத்துவம் தெரிந்தவர்கள் இது சரியா தவறா என்று சொல்லுங்கள்.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:

நல்ல கேள்வி அண்ணா. ஆனால் நடைக்குப் போகும் முன்னால் நோய் எங்கிருந்து வந்தது என்று பேச வேண்டாமா? சேலம் சிறையில் அவருக்கு ஆட்டு ரோமத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுச் சுத்தம் செய்கிற வேலை கொடுத்தார்கள், அந்த நாற்றத்திலும் அழுக்கிலும்தான் நோய் தொற்றியது என்று நான் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டு வருகிறேன். எங்கள் தாத்தாவும் இதையேதான் சொல்வார். தோல் பதனிடும் வேலை என்று சிலர் சொல்வார்கள். எப்படியோ, அந்த ரோமத்தில் கிருமி இருந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். இதற்கு மருத்துவத்தில் இடம் இருக்கிறதா?

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:

நான் தொழுநோய்ப் பிரிவில் மருத்துவம் சாரா மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய்த் தேமலைப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆட்டு ரோமத்திலிருந்து தொழுநோய் வராது. நோயின் கிருமியை 1873-ல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டுபிடித்தார். மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்று பெயர், காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. அமெரிக்கக் கண்டத்தில் ஆர்மடில்லோ என்ற விலங்கிலும், பிரிட்டனில் சிவப்பு அணில்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்கு வருவதாக எங்கும் இல்லை. கம்பளி வேலை செய்கிறவர்களுக்கு வருகிற நோய் வேறு, அது அடைப்பான். இங்கிலாந்தில் கம்பளி பிரிக்கிற தொழிலாளிகள் அந்த நோயில் சில நாளிலேயே செத்தார்கள். சிவாவுக்கு வந்தது அதுவாக இருக்க முடியாது. அடைப்பான் வந்தால் பன்னிரண்டு வருடம் வாழ்ந்து பத்திரிகை நடத்த முடியாது.

தொழுநோய் பரவுவது, சிகிச்சை எடுக்காத ஒருவரோடு நெருக்கமாக ரொம்ப நாள் இருக்கும்போது, மூக்கு வாய் வழியாக வரும் நீர்த்துளிகளால். தொட்டால் வராது. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பிலேயே எதிர்ப்பு இருக்கிறது, அவர்களுக்கு வரவே வராது. இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகும். ஒன்று இரண்டாவதற்கே பன்னிரண்டு, பதினான்கு நாள் ஆகும். அதனால் கிருமி உள்ளே போவதற்கும் முதல் தேமல் தெரிவதற்கும் நடுவில் சராசரியாக ஐந்து வருடம். ஒரு வருடத்திலும் வரலாம், இருபது வருடம் கழித்தும் வரலாம்.

இப்போது கணக்குப் போடுங்கள். சிறைக்குப் போனது 1908, வந்தது 1912. நாலு வருடம் சொச்சம். சிறைக்குள் நோய் வெளிப்பட்டிருந்தால், கிருமி சிறைக்கு முன்பே, பையனாக இருந்தபோதோ ஊர் சுற்றிய காலத்திலோ உள்ளே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஊத்தங்கரை டீச்சர்:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் இந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சிறைக்கு முன்பே கிருமி இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டால் வெள்ளைக்காரன் கை கழுவிக்கொள்வான் இல்லையா? அதே வழக்கில் வ.உ.சி.யைச் செக்கில் மாட்டி இழுக்கவைத்தார்கள். அப்படிப்பட்ட சிறையில் இருபத்துமூன்று வயதுப் பையன் நல்ல உடம்போடு உள்ளே போகிறான், இருபத்தெட்டில் நோயாளியாக வெளியே வருகிறான். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சிறை கொடுத்த நோய் என்றுதான் சொல்கிறேன், இனியும் அப்படியே சொல்வேன். கிருமியின் பிறந்த தேதியைத் தேடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:

அம்மா, நான் சிறையை விடுவிக்கவில்லை. நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது, மீதியையும் கேளுங்கள்.

தொழுநோயில் கிருமி பாதி, உடம்பின் எதிர்ப்பு மீதி. எதிர்ப்பு நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு தேமலோடு நின்றுவிடும், சில பேருக்குத் தானாகவே ஆறிக்கூடப் போகும். எதிர்ப்பு சரிந்தால் உடம்பு பூரா பரவி, காது மடல் தடித்து, புருவம் உதிர்ந்து, மூக்குத்தண்டு அமுங்கி, கை கால் நரம்புகள் ஒவ்வொன்றாக மரத்துப்போகும். அரைவயிற்றுச் சாப்பாடு, தூக்கமில்லாமை, மன உளைச்சல், நெருக்கடியான கொட்டடி, இதெல்லாம் எதிர்ப்பைச் சரிக்கிற சமாச்சாரங்கள். கிருமி முன்பே உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருந்தாலும் அதைத் தட்டி எழுப்பியது சிறை. உள்ளே சக கைதியிடமிருந்து வந்திருந்தால் அதற்கும் சிறைதான் பொறுப்பு. இரண்டு வழியில் எது என்றாலும் தீர்ப்பு மாறாது. நீங்கள் வகுப்பில் சொல்வதை நான் மறுக்கவே இல்லை.

இப்போது சுண்ணாம்பு விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாந்தோப்புத் தம்பி சொன்ன கதையில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது, ஆனால் தலைகீழாக இருக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீரில் கையைவிட்டு நாள் பூரா வேலை செய்தால் நமக்கு என்ன ஆகும்? எரியும். கையை எடுத்துவிடுவோம், கழுவுவோம், மறுநாள் எண்ணெய் தடவிக்கொண்டு போவோம். பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் கை ஏற்கெனவே மரத்துப்போயிருந்தால் எரிச்சல் தெரியாது. சுண்ணாம்பு தோலைத் தின்றுகொண்டே இருக்கும், அந்த மனிதர் வேலையைச் செய்துகொண்டே இருப்பார். சாயங்காலம் பார்த்தால் கையெல்லாம் வெந்து புண். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தது ரோமத்தில் கை வைத்தார், கையில் புண் வந்தது என்பதைத்தான். அதனால் ரோமத்திலிருந்து நோய் வந்தது என்று சொல்லியிருப்பார்கள். நான் படித்த வரைக்கும், பார்த்த வரைக்கும், நடந்திருக்கக்கூடியது இதற்கு எதிர் வரிசை. நோய் முதலில் நரம்பில் வந்தது, சுண்ணாம்பு அதை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது.

வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1940-களின் கடைசியில் இதைத்தான் நிரூபித்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூடு, வெட்டு, அழுத்தம் எல்லாம் பட்டுப் பட்டு, சீழ் பிடித்து, எலும்பு கரைந்துதான் குட்டையாகின்றன. அதுவரை உலகம் முழுக்கச் சதையை நோயே தின்கிறது என்றுதான் நம்பினார்கள். சேலம் சிறை அதிகாரிக்கு 1910-ல் இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் கை வெந்த கைதியை மறுநாளும் அதே தொட்டிக்கு அனுப்பக் கூடாது என்று தெரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஊத்தங்கரை டீச்சர்:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நன்றி ஐயா. ரோமக் கதையை விட இதுதான் கொடுமையாக இருக்கிறது.

அரூர் மெடிக்கல்ஸ்:

இன்னொரு பக்கமும் பார்க்கலாமே. அது தொழுநோய்தானா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கண்ணால் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். தோல் கறுத்து உரிந்து புண்ணாகிற எல்லாவற்றுக்கும் பெருவியாதி என்று ஒரே பெயர்தான். சிறையில் களியும் கூழும்தான் சாப்பாடு. சோளத்தையே நம்பியிருக்கும் பகுதிகளில் பெல்லக்ரா என்ற சத்துக்குறைவு நோய் வருகிறது என்று ஐதராபாத்தில் டாக்டர் கோபாலன் குழு 1960-களில் காட்டினார்கள். நயாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேராமல் போவதால் வருவது. வெயில் படும் இடமெல்லாம், கழுத்து, புறங்கை, கால், தோல் கறுத்து வெடிக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது குஷ்டமாகத் தெரிய எல்லா வாய்ப்பும் உண்டு. சர்க்கரை நோயிலும் கால் மரத்துப் புண் வரும். அதையும் தள்ளிவிட முடியாது.

மூன்றாம் வருட மாணவன்:

அண்ணா, பெல்லக்ரா நல்ல ஊகம், ஆனால் நிற்காது என்று நினைக்கிறேன். பெல்லக்ராவில் தோலோடு சேர்ந்து வயிற்றுப்போக்கும் புத்தித் தடுமாற்றமும் வரும், கவனிக்காமல் விட்டால் சில வருடத்தில் ஆள் போய்விடுவார். இன்னொன்று, சாப்பாடு மாறினால் தோல் சீக்கிரமே தெளியும். சிவா 1912-ல் வெளியே வந்து வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டார். நோய் குறையவில்லை, கூடியது. புத்தியோ கடைசிவரை தெளிவு, நாடகம் எழுதினார், பத்திரிகை நடத்தினார், கோயிலுக்குத் திட்டம் போட்டார். சர்க்கரை நோயும் பொருந்தவில்லை. இன்சுலின் 1922-ல்தான் மனிதருக்குப் போடப்பட்டது. இருபதுகளில் வருகிற சர்க்கரை நோய் அன்றைக்கு ஒன்றிரண்டு வருடத்தில் முடித்துவிடும். மெதுவாக, பத்துப் பதினைந்து வருடமாக, தோலையும் நரம்பையும் மட்டும் பிடித்து, மூளையைத் தொடாமல் வளர்கிற நோய் என்றால் தொழுநோய்தான் முதலில் நிற்கும்.

கேள்வியின் அடுத்த பாதி, எது உயிரை எடுத்தது என்பது. மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் தொழுநோயாளிகள் இறந்ததற்கு முக்கியமான காரணங்களாகப் பாடத்தில் வருவது இரண்டு. ஒன்று காசநோய். இன்னொன்று சிறுநீரகம். ஆறாத புண் வருடக்கணக்கில் சீழ் வைத்துக்கொண்டே இருந்தால் அமைலாய்டு என்ற ஒரு புரதம் சிறுநீரகத்தில் படிந்துவிடும். முகமும் காலும் வீங்கும், சிறுநீர் நுரைக்கும், அப்புறம் சிறுநீரகம் நின்றுவிடும். நோயின் எதிர்வினையாக அவ்வப்போது காய்ச்சலும் வலிக்கிற கட்டிகளுமாக வரும், அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூன்றாவதாகக் குரல்வளை. நோய் அங்கே போனால் மூச்சு அடைத்து, கழுத்தில் துளை போட வேண்டியிருக்கும். ஆனால் சிவா ஊர் ஊராகப் போய்ப் பேசியதும் பாடியதும்தான் அவருடைய வாழ்க்கை. குரல்வளை முன்பே போயிருந்தால் அவரால் அந்த வேலையைச் செய்திருக்கவே முடியாது, அதனால் அதைப் பின்னால் தள்ளுகிறேன். எனக்கு முதல் சந்தேகம் சிறுநீரகம், அடுத்தது காசநோய்.

அரூர் மெடிக்கல்ஸ்:

தம்பி சொல்வது நியாயம். மருந்து பற்றி ஒன்று சேர்க்கிறேன். அன்றைக்குக் கையில் இருந்த ஒரே மருந்து நீரடிமுத்து எண்ணெய். நம் சித்த வைத்தியர்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தியது, பிறகு கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் அதையே ஊசியாகப் போட்டார். குடித்தால் குமட்டி வாந்தி வரும், ஊசி போட்டால் அந்த இடமே கட்டிக்கொண்டு வலிக்கும். கொஞ்சம் பலன் இருந்தது என்றார்கள், குணமாக்கவில்லை. சல்போன் மருந்துகள் அமெரிக்காவில் 1941-ல் தொடங்கின, பிறகு டாப்சோன், செங்கல்பட்டில் காக்ரேன் என்ற மருத்துவர் அதைக் கொடுத்துப் பார்த்தார். சிவா இன்னும் இருபது இருபத்தைந்து வருடம் இருந்திருந்தால் மாத்திரையைப் பார்த்திருப்பார், அறுபதைக் கொஞ்சம்தான் தாண்டியிருப்பார்.

பாப்பாரப்பட்டி ரோடு:

மூன்றாம் வருடத் தம்பி சொன்ன சிறுநீரகக் கதையிலேயே என் வாதம் உட்கார்ந்திருக்கிறது, கவனித்தீர்களா? ஆறாத புண் இருந்தால்தான் அமைலாய்டு. புண் ஏன் ஆறவில்லை? ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. உடம்பைத் துணியால் மூடிக்கொண்டு கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் போனார் என்று சொல்வார்கள். மரத்துப்போன காலோடு நடந்தால் உள்ளங்காலில் என்ன நடக்கும் என்று மேற்பார்வையாளர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

அவர் இருந்த இடத்தையும் பாருங்கள். பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரி வரை அன்றைய ரோடு எப்படி இருந்திருக்கும்? எங்கள் மண் சரளை மண். கோடையில் பாறை சுடும். செருப்புப் போட்டவனுக்கே கால் பொத்துப்போகும்.

பழைய தண்டவாளம்:

ரயில் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தெரியும். இன்றைக்கு மொரப்பூர்-தர்மபுரி ரயில் பாதை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம், ஆனால் 1906-லேயே மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய பாதை ரயில் ஓடியது. 1913-ல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஒரு சின்ன ரயில் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1941-ல் இவற்றை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆக சிவா பாப்பாரப்பட்டிக்கு வந்த காலத்தில் தர்மபுரியில் ரயில் இருந்தது, மொரப்பூர் போனால் சென்னை, சேலம், ஈரோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அவருக்கு மட்டும் முடியாது.

சட்டத்தில் இடம் இருந்ததா என்றால், இருந்தது. 1890 ரயில்வே சட்டத்திலேயே தொற்றுநோய் உள்ளவர் ரயில்வேயின் அனுமதி இல்லாமல் ஏறினால் அபராதம், இறக்கியும் விடலாம். அதற்கு மேல் 1898-ல் தொழுநோயாளிகள் சட்டம். அது அறிவிக்கப்பட்ட பகுதிகளில் இவர்கள் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும், வாடகை வண்டியில் ஏறவும், தின்பண்டம் செய்து விற்கவும் தடை போட அனுமதித்தது, அந்தச் சட்டம் 2016-ல்தான் புத்தகத்தை விட்டுப் போனது. ஆனால் அன்றைக்கு ஊரில் எத்தனையோ தொழுநோயாளிகள் ரயிலில் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள், ராமேஸ்வரத்துக்கு அவர்கள் எப்படிப் போனார்கள்? எல்லோருக்கும் இருக்கிற விதியை எடுத்து, போகிற இடமெல்லாம் கூட்டம் சேர்க்கிற ஒருவர் மேல் குறிவைத்துப் பிரயோகித்தார்கள் என்பதுதான் என் கருத்து. சுகாதாரத்துக்காகச் செய்ததாக நான் நம்பவில்லை. அவர் வாயை மூட முடியவில்லை, அதனால் காலைக் கட்டினார்கள்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:

உள்ளங்காலைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வேலையில் பாதி அதுதான்.

நல்ல கால் நடக்கும்போது ஓயாமல் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஒரு இடத்தில் வலித்தால் நமக்கே தெரியாமல் பாரத்தை அடுத்த இடத்துக்கு மாற்றுவோம், கொஞ்சம் நொண்டுவோம், உட்காருவோம். மரத்த கால் இதைச் செய்யாது. ஒரே இடத்தில், பெரும்பாலும் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டில், அடி மேல் அடி விழுந்துகொண்டே இருக்கும். முதலில் தோல் தடிக்கும். பிறகு தடித்த தோலுக்கு அடியில் சதை நசுங்கிக் கொப்புளம் வரும். அது வெளியே உடைந்தால்தான் புண் என்று தெரியும், அதற்குள் ஆழமாகப் போயிருக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, காலுக்கு ஓய்வு. சில வாரம் காலை ஊன்றாமல் படுத்தால் மருந்தே இல்லாமல் ஆறும். ஊன்றி நடந்தால் எந்த மருந்துக்கும் ஆறாது. சீழ் எலும்பைப் பிடிக்கும், அங்கிருந்து ரத்தத்துக்குப் போகும். பென்சிலின் 1940-களில்தான் வந்தது. சல்பா மருந்து 1935-க்கு மேல். 1925-ல் சீழ் ரத்தத்தில் கலந்தால் குளிர்க்காய்ச்சல் வந்து சில நாளில் முடிந்துவிடும். இன்னொன்று இசிவு நோய், அதாவது டெட்டனஸ். வண்டி மாட்டுச் சாணமும் மண்ணும் திறந்த புண்ணில் படுகிறது, தடுப்பூசி கிடையாது. அப்படி இறந்தவர்களும் அந்தக் காலத்தில் நிறைய.

அதனால் இழையைத் தொடங்கியவர் சொன்ன நடை என்ற காரணத்தை நான் ஏற்கிறேன், ஆனால் தனிக் காரணமாக இல்லை. சிறுநீரகம் மெதுவாக உள்ளே கெட்டுக்கொண்டிருந்திருக்கும், புண் மேலே சீழ் வைத்துக்கொண்டிருந்திருக்கும், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். ஓய்வு கொடுத்திருந்தால் இரண்டும் தள்ளிப்போயிருக்கும். ரயிலில் உட்கார்ந்து போவதும் கால்நடையாகப் போவதும் மரத்த காலுக்கு ஒன்று இல்லை.

தொப்பூர் கணவாய்:

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் பாட்டிக்கு இந்த நோய் இருந்தது. கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டின் பின்பக்கத்து அறையில் தனித் தட்டு, தனி லோட்டா. மாத்திரை வந்த காலம்தான், வாங்கிக் கொடுத்தார்கள், நோய் நின்றுவிட்டது. ஆனால் கால் மரத்தது மரத்ததுதான். அந்தக் காலோடு காட்டு வேலைக்குப் போனார். ஐயா சொன்ன அதே இடத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு குழி. துணி சுற்றிக்கொண்டு களை எடுப்பார். ஒரு ஆஸ்பத்திரியில் காட்டியபோது தொட்டுப் பார்க்காமலே மருந்து எழுதிக்கொடுத்தார்கள் என்று அம்மா இன்றைக்கும் சொல்லி அழுவார். கடைசியில் காய்ச்சலில்தான் போனார், நோயில் போனார் என்றுதான் ஊரில் சொன்னார்கள். இந்த இழையைப் படித்த பிறகு எனக்குத் தெரிகிறது, நோய் பத்து வருடம் முன்பே தீர்ந்துவிட்டது, அவரைக் கொண்டுபோனது அந்தக் குழி. சிவாவைப் பற்றி நடை என்று சொன்னவர் சரியாகத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊத்தங்கரை டீச்சர்:

உங்கள் பாட்டியைப் பற்றி எழுதியதற்கு நன்றி அம்மா. இதெல்லாம் வீட்டுக்குள்ளேயே புதைந்துபோகிற விஷயம்.

நான் வேறு ஒன்றையும் சொல்ல நினைக்கிறேன். 1925-ம் வருடக் கோடை இவருக்கு எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஜூன் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் பாபநாசம் அருவியில் போய்விட்டார். ஜூன் 16-ல் சித்தரஞ்சன் தாஸ் டார்ஜிலிங்கில் இறந்தார், பாரத மாதா கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய கை அது. அடுத்த மாதமே இவர். மனசு உடைந்ததால் இறந்தார் என்று மருத்துவத்தில் எழுத முடியாதுதான். ஆனால் கோயிலுக்காகக் காசு சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவருக்கு அந்தச் செய்திகள் வந்து சேர்ந்திருக்கும், அதற்குப் பிறகும் அவர் படுத்துக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். வேலை முடியவில்லையே என்ற அவசரம். ஓய்வு எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஐயா சொல்கிறார். எடுக்கக்கூடிய ஆள் இல்லையே அவர்.

மூன்றாம் வருட மாணவன்:

டீச்சர் சொல்வதில் மருத்துவமும் இருக்கிறது. மன அழுத்தம் எதிர்ப்பைக் குறைக்கும், நோயின் எதிர்வினைக் காய்ச்சலைக் கிளப்பவும் செய்யும். ஆனால் ஐயாவும் அண்ணனும் சொன்ன புண்தான் எனக்கும் இப்போது முதல் இடத்தில் நிற்கிறது. சிறுநீரகத்தை இரண்டாவதாக வைக்கிறேன். தேர்வில் தொழுநோயால் மரணம் எப்படி என்று கேட்டால் அமைலாய்டு என்று எழுதிவிட்டு வந்திருப்பேன், காலைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டேன்.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:

ஐயா, இழைக்கு வெளியே ஒரு கேள்வி, மன்னிக்கணும். என் தம்பிக்கு முதுகில் ஒரு தேமல் ரொம்ப நாளாக இருக்கிறது, அரிக்கவில்லை, வெளுத்த மாதிரி இருக்கிறது. மாங்கூழ் ஆலையில் வேலை செய்கிறான். இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. எங்கே காட்டுவது? வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்களா?

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:

பயப்பட ஒன்றும் இல்லை தம்பி. முதலில் வீட்டிலேயே பாருங்கள். அவனைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையாலோ பஞ்சாலோ தேமல் மேல் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். சரியாகக் காட்டினால் பெரும்பாலும் சாதாரணத் தேமல்தான். தெரியவில்லை என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள், தொழுநோய்க்குப் பார்க்க வேண்டும் என்று நேராகவே சொல்லுங்கள். எப்படி இருந்தாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. நோய் என்றே ஆனாலும் மாத்திரை அட்டை இலவசம், ஐந்து தேமலுக்குள் இருந்தால் ஆறு மாதம், அதற்கு மேல் என்றால் ஒரு வருடம். மாத்திரை தொடங்கினாலே அவனிடமிருந்து பிறருக்குப் பரவாது. வேலைக்கும் போகலாம், எல்லோரோடும் சாப்பிடலாம். கை கால் மரப்பு வரும் முன்னே போகணும், அதுதான் முக்கியம். இந்த வாரமே போங்கள், போய்விட்டு என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.